பெயர் வெட்டிய தட்டு

பெருமாள்சாமியின் தறிக்கூடத்தில் பேசுவதற்குக் குரல் தேவைப்படுவதில்லை. விசைத்தறிகள் ஒருசேர ஓடும் ஓசையில், வாயைவிட்டு வெளிவந்த சொல் பக்கத்தில் நிற்பவரின் காதை எட்டுவதற்குள் நசுங்கிப்போகும். ஆகையால் அங்கு வேலை செய்கிறவர்கள் உதடுகளை அகலமாக அசைத்துப் பேசுவார்கள்; எதிரே நிற்பவர் அதைக் கண்ணால் வாங்கிக்கொள்வார். புதிதாகச் சேருகிறவருக்கு இது பிடிபடச் சில மாதங்கள் ஆகும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும்.

ரைஹானாவும் இசக்கிச்செல்வியும் எதிரெதிர் வரிசைகளில் நின்றார்கள். ஆளுக்கு நான்கு தறி. இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் வேறு தார் மாற்ற வேண்டும். கை இந்த வேலைகளைத் தானாகச் செய்துகொண்டிருக்க, வாய் வேறு வேலை பார்க்கும்.

"என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கடையநல்லூர்லேருந்து போன் வந்துச்சோ?" என்று அன்று காலை செல்வியின் உதடுகள் கேட்டன.

"வந்துச்சுக்கா. மாமிதான். பரீட்சை முடிஞ்சதும் டி.சி.ய வாங்கிட்டுப் பிள்ளையக் கொண்டாந்து விடுங்காவ."

"விட்டுட்டு?"

"நான் இங்கனயே வேலை பாக்கலாமாம். வாராவாரம் போய்ப் பாத்துக்கிடலாமாம்."

"நல்லாருக்கே கதை! பெத்தவ சம்பாத்தியம் வேணும், பெத்தவ வேண்டாமாக்கும். நீ என்ன சொன்னே?"

"எங்க சொல்ல விட்டாவ? பிள்ள அந்நிய வீட்டுல சோறு திங்குது, அந்நிய வீட்டுல சோறு திங்குதுன்னு ஒரே பாட்டு."

"அந்நிய வீடா?" செல்வி அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "உங்க மாமிய ஒருநாள் இங்கன கூட்டிட்டு வாட்டி. நான் பேசிக்கிடுதேன். அந்நிய வீடாம்லா!"

"முதல்ல இழையப் பாருக்கா. அண்ணாச்சி வாராரு."

ரைஹானாவின் கணவன் முகம்மது அர்ஷத் முன்பு இதே கூடத்தில் தறி ஓட்டியவன். சவூதிக்குப் போனபோது, மனைவியும் மகளும் கடையநல்லூரில் தன் தாயுடன் இருக்கட்டும் என்றான். தனக்குத் தெரிந்த தொழில் சங்கரன்கோவிலில்தான் இருக்கிறது என்று சொல்லி ரைஹானா தங்கிவிட்டாள். மகள் ஹாலிதாவுக்கு அப்போது நான்கு வயது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அடுத்த வீடு செல்வியுடையது. செல்வி மாலையில் தன் தறிகளைக் கணவன் கணேசனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். பள்ளிவிட்டு வரும் தன் மகள் கோகிலாவுக்கும் ஹாலிதாவுக்கும் சோறு போடுவாள். ரைஹானா வேலை முடிந்து வரும்வரை ஹாலிதா அங்கேயே இருப்பாள். செல்வியை அவள் பெரியம்மா என்று அழைத்தாள்.

அப்படிச் சோறு போடத் தொடங்கிய புதிதில், செல்வி ரதவீதிப் பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் தட்டு வாங்கி, அதன் விளிம்பில் 'ஹாலிதா' என்று பெயர் வெட்டுவித்தாள். இந்தப் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது காரணமின்றிச் செய்யப்படுவதன்று. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயர் வெட்டப்படும். காதுகுத்துக்கு வரும் தட்டில் பிள்ளையின் பெயர் வெட்டப்படும். ஒரு வீட்டுப் பாத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்தால் அந்த வீட்டில் அவருக்கு இடம் இருக்கிறது என்று பொருள். ரைஹானா அவ்வாறே பொருள்கொண்டாள். அவளுடைய மாமியார் வீட்டில் அவள் பெயர் வெட்டிய ஒரு தம்ளர்கூட இல்லை.

"சும்மா சோறு போடுத வீடுன்னா பேர் வெட்டுவாவளா மச்சான்?" என்று அவள் அர்ஷத்திடம் செல்பேசியில் கேட்டாள். "நம்ம பிள்ள பேர்ல அந்த வீட்டு அலமாரில ஒரு தட்டு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

அர்ஷத் சற்று யோசித்து, "செரிதான்" என்றான். தாய் ஷரீபா பீவியிடமும் அதையே எடுத்துச் சொன்னான். அவள் நெடுங்காலம் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தாள். ஹாலிதா இரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் இந்த மாசியில்தான் அது மறுபடி தலைதூக்கியது.

அதே மாசியில் டாக்டர் மாடத்தி ஊருக்கு வந்தார். மேலநீலிதநல்லூரில் பிறந்தவர், பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்கிறவர். பள்ளியில் அனுமதி வாங்கிய பின், பெற்றோர்களைப் பார்ப்பதற்காகத் தறிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தறிகள் நின்றிருந்தன. பெண்கள் கண்ணிமையில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துவிட்டுத் தூக்குச்சட்டிகளைத் திறந்திருந்தார்கள். செல்வியின் சட்டியில் புளிக்குழம்பும் சுண்டவற்றலும், ரைஹானாவின் சட்டியில் முருங்கைக்கீரையும் முந்தின நாள் கருவாடும் இருந்தன.

"டாக்டரம்மா, பிள்ளைங்களுக்கு ஊசி கீசி போடுவீங்களோ?" என்றார் பெருமாள்சாமி.

"நான் அந்த டாக்டர் இல்ல அண்ணாச்சி."

"அப்பம் என்னத்துக்கு டாக்டர்?"

பெண்கள் சிரித்தார்கள். மாடத்தியும் சிரித்தார். "பிள்ளைங்க மனசு எப்படி வளருதுன்னு பாக்குத டாக்டர். நாலஞ்சு வயசிலேயே அதுகளுக்கு, நாம யாரு, அவங்க யாருன்னு தெரிஞ்சிருது. தெரியுததுல தப்பில்ல. தெரிஞ்சத வச்சிக்கிட்டு அடுத்த ஆளப் பத்தி என்ன நினைக்குன்னுதான் என் ஆராய்ச்சி. ரெண்டு பிள்ளைங்க படத்தக் காட்டுவேன். ஒருத்தி பொட்டு வச்சிருப்பா, ஒருத்தி முக்காடு போட்டிருப்பா. யார் பக்கத்துல உக்காருவே? யாரோட சாப்பிடுவே? பென்சில் காணாமப் போனா யாருகிட்ட கேப்பே? ஏன்? இவ்வளவுதான்."

"எங்க ஊர்ல அந்த வித்தியாசமே கிடையாதும்மா" என்றார் பெருமாள்சாமி. "இந்தா, ரெண்டு பேரும் ஒரே கூடத்துலதான தறி ஓட்டுதாவ. பிரியாணிக் கடையில போய்ப் பாருங்க, எல்லாருக்கும் ஒரே பெஞ்சுதான்."

"பெரியவங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்லுதாங்க அண்ணாச்சி. அதான் பிள்ளைங்ககிட்ட கேக்கேன்."

"இதுல பாஸ், ஃபெயில் உண்டாம்மா?" என்று செல்வி கேட்டாள்.

"கிடையாது."

"அப்பம் என் மவ பாஸ்தான்."

மாடத்தி நிபந்தனைகளை விளக்கினார். பிள்ளை பெற்றோரின் கண்பார்வையிலேயே இருக்கும். வகுப்பறையின் கண்ணாடிச் சன்னல் வழியாக வராந்தாவிலிருந்து பார்க்கலாம். ஆனால் கதவு மூடியிருக்கும்; பிள்ளை சொல்வது தம்மைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. ஆசிரியரிடமும் சொல்லமாட்டார், பெற்றோரிடமும் சொல்லமாட்டார். இதை அவர் உண்மையாகவே சொன்னார். அவர் புன்செய் ஊர்க்காரர், தறியோசையில் வளர்ந்தவரல்லர். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ, தாங்கள் கண்ணால் கேட்கிறவர்கள் என்பது, நாள்தோறும் செய்கிற காரியமாதலால், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் செல்வி சுவருக்கு இந்தப் பக்கம் வந்தாள். "ஏட்டி, என் தறியில பாவு நூல் தீர்ந்துட்டு. புதுப் பாவு பிணைக்க ஆள் வருதாம், நான் கூட நிக்கணும். நீயே ரெண்டயும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிரு. உன் பிள்ள வேற, என் பிள்ள வேறயா?"

"இதயும் சொல்லணுமாக்கா? போ, நான் பாத்துக்கிடுதேன்."

வழிநெடுக இரண்டு சிறுமிகளும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்க்குச் சண்டை போட்டார்கள். முன்பல் விழுந்த கோகிலாவால் அதைக் கடிக்க முடியவில்லை. ஹாலிதா தன் பல்லால் உடைத்துக் கொடுத்தாள். ரைஹானாவுக்கு, மாமியார் இதை வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஹாலிதா உள்ளே போனாள். மாடத்தி சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். மேசையில் இரண்டு படங்கள். ஹாலிதா அதிகம் பேசவில்லை, விரலால் சுட்டினாள். ஒவ்வொரு முறையும் விரல் பொட்டு வைத்த சிறுமியிடமே போயிற்று. தன் மகள் வேற்றுமை பார்க்கவில்லை என்று ரைஹானா மகிழ்ந்தாள்.

பிறகு கோகிலா. அவள் தறிக்கூடத்தில் தவழ்ந்து வளர்ந்தவள்; வாயை முழுதும் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் வரைந்து பேசுவாள். ரைஹானா பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. எழுத்தறிந்தவர் பேருந்தில் போகும்போது கடைப்பலகைகளைப் படிக்காமல் இருக்க முடியாததைப் போல, அவளால் படிக்காமல் இருக்க முடியவில்லை. மாடத்தியின் கேள்விகள் தெரியவில்லை. விடைகள் மட்டும் தெரிந்தன.

"சாப்பிடலாமே. எங்க வீட்டுல டெய்லி சாப்பிடுதாள்லா."

"ஆனா இவளுக்குத் தனித் தட்டு." கோகிலாவின் விரல் முக்காடு போட்ட சிறுமியின்மேல் இருந்தது.

"பேர் வெட்டிரணும்." அவள் இடக்கையை விரித்துத் தட்டாக்கி, வலக்கைச் சுட்டுவிரலை அதன்மேல் நடுங்கவிட்டுப் பெயர் வெட்டும் இயந்திரத்தை நடித்துக் காட்டினாள்.

"இல்லன்னா மத்த தட்டுல கலந்திரும். கலந்தா தெரியாம அப்பாவுக்கு அதுல சோறு போட்டுருவோம்லா."

"அம்மாதான் சொன்னா. தறியில மத்த அத்தைங்ககிட்டயும் சொன்னா. நான் பாத்தேன்."

மாடத்தி குனிந்து குறித்துக்கொண்டார். கோகிலா சன்னலுக்கு வெளியே ரைஹானாவைப் பார்த்துக் கையசைத்தாள். ரைஹானாவும் கையசைத்தாள்.

வெளியே வந்த மாடத்தி, "ரெண்டு பேருமே நல்லாப் பேசுனாங்க" என்றார்.

"டாக்டரம்மா, இந்த வயசுப் பிள்ளைங்க பொய் சொல்லுமா?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான்."

மாடத்தி தயங்கினார். "இவங்க என்ன சொன்னாங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. பொதுவாச் சொல்லுதேன். அடிக்குப் பயந்தா பொய் சொல்லும். இந்த மாதிரிக் கேள்விக்குப் பெரும்பாலும் பொய் சொல்லாது. இது மறைக்க வேண்டிய விசயம்னே அதுகளுக்குத் தெரியாது. வீட்டுல பாத்ததச் சொல்லும்."

ரைஹானா தலையசைத்தாள். இரண்டு சிறுமிகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை செல்வி எதிர் வரிசையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். ரைஹானா தலை நிமிரவில்லை. தறிக்கூடத்தில் ஒருவர் பேச்சைக் கேட்க மறுப்பதற்கு இதுவே போதும். செல்வி கையை ஆட்டினாள். தார்க்குச்சி ஒன்றை எறிந்துபார்த்தாள். மதியத்தில் ரைஹானா தூக்குச்சட்டியுடன் வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் இப்படியே கழிந்தது. மாலையில் சோறு மட்டும் வழக்கம்போல் அடுத்த வீட்டில் நடந்தது. ஏனென்றால் அதற்கு மாற்று என்னவென்று ரைஹானாவுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த ஒரே மாற்று கடையநல்லூர். அங்கே விட்டால் மகளை வாரத்தில் ஒருநாள்தான் பார்க்கலாம்.

புதன்கிழமை செல்வி பொறுமையிழந்து, தறிகளுக்கு இடையே நின்றவாறு தொண்டை கிழியக் கத்தினாள். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"—நான் உனக்கு என்ன துரோகம்ட்டி செஞ்சேன்?" என்ற கடைசித் துண்டு கூடம் முழுவதற்கும் கேட்டது.

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ரைஹானா பின்வாசல் வழியாகத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனாள். செல்வி பின்னாலேயே போனாள். வெயில் தகரக்கூரையில் காய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லுட்டி."

"கோகிலா சொன்னதப் பாத்தேன்க்கா."

"எப்பம்?"

"பள்ளிக்கூடத்துல. கண்ணாடி வழியா. தட்டுல ஏன் பேர் வெட்டினேன்னு சொன்னா."

செல்வி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"அது என் மாமியாளுக்காக வெட்டினது. அவ எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும்லா. கலந்து புழங்குனா இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்னு உக்காந்துட்டா. பேர வெட்டித்தான் உன் பிள்ளைய வாசப்படி தாண்ட விட்டேன். இல்லன்னா நாலு வயசுப் பிள்ள தெருவுல நின்னுருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா பிள்ளைய விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

ரைஹானா தொட்டி நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். "உன் மாமியா செத்து ரெண்டு வருசம் ஆச்சேக்கா" என்றாள்.

செல்வி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

பிறகு செல்விக்குக் கோபம் வந்தது. "நீ செஞ்சது மட்டும் செரியாக்கும்? யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான என் பிள்ளைய அங்கன உக்கார வச்சாவ? உன்ன நம்பித்தான அனுப்புனேன்? ஏழு வயசுப் பிள்ள வாயிலேருந்து களவாண்டுட்டு வந்து நிக்கே."

"கண்ண மூடிக்கிடணுமோ?"

"மூடியிருக்கலாம்லா. நான்னா மூடியிருப்பேன்."

"நோன்புக்கு வருசா வருசம் கஞ்சி கொடுத்து விட்டேனே" என்றாள் ரைஹானா. "குடிச்சீங்களா, கொட்டுனீங்களா?"

"குடிச்சேன்ட்டி! என் பிள்ள மேல சத்தியமாக் குடிச்சேன்!"

அவள் குடித்திருக்கலாம். ஆனால் அவள் குடிப்பதை ரைஹானா பார்த்ததில்லை. கழுவிய தூக்குச்சட்டி திரும்பி வந்ததைத்தான் பார்த்திருக்கிறாள். முன்பு அது போதுமானதாக இருந்தது.

மின்சாரம் மாலைவரை வராது என்று தகவல் வந்தது. பெருமாள்சாமி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ரைஹானா, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று, ஹாலிதாவைத் தன் வீட்டுக்கே நேராகக் கூட்டிவந்தாள். சோறு வடித்து, முட்டை பொரித்து வைத்தாள். ஹாலிதா பாதிக்குமேல் சாப்பிடவில்லை.

"பெரியம்மா இன்னைக்குக் கூட்டாஞ்சோறு ஆக்குதேன்னு சொன்னா, உம்மா."

"இனிமே பெரியம்மா வீட்டுல சாப்பிட வேண்டாம்."

"தட்டுக்கா?" என்றாள் ஹாலிதா.

ரைஹானா கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தாலே தெரியும்லா. மத்த தட்டெல்லாம் அலமாரில இருக்கும். என் தட்டு வெளிய ஜன்னல்ல இருக்கும். நானே கழுவி நானே வச்சிருவேன்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஒண்ணாப்புலேருந்து."

"ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. பொறவு என்னக் கடையநல்லூருக்கு அனுப்பிருவே." ஹாலிதா தாயின் முகத்தைப் பார்த்து, சமாதானப்படுத்துகிறவள்போல் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்ல உம்மா. குழம்பு ஒண்ணுதான."

சனிக்கிழமையன்று அந்தச் சிறு விரல் ஒரு தடவைகூட முக்காடிட்ட சிறுமியிடம் போகாததை ரைஹானா இப்போது நினைத்தாள். செல்வி தன்னிடம் மறைத்ததை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. வெளியே வைத்த தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லத் தன் மகள் கற்றுக்கொண்டிருந்ததைத் தாங்க முடியவில்லை.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுத பின், தொழுகைத் துப்பட்டாவைக் களையாமலே கடையநல்லூருக்குப் பேசினாள்.

"மாமி, பரீட்சை முடிஞ்சதும் ஹாலிதாவக் கொண்டாந்து விடுதேன்."

மறுமுனையில் ஷரீபா பீவி உடனே மகிழ்ந்துவிடவில்லை. அவள் விவரம் கேட்கிறவள். "என்னம்மா திடீர்னு? நான் இத்தன நாள் சொன்னப்பல்லாம் தட்டு இருக்கு, பேர் இருக்குன்னியே. அந்த வீட்டுல யாரும் எதுவும் சொன்னாவளா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தத் தட்டை எத்தனை முறை எடுத்துக்காட்டினாளோ அத்தனை முறையும் அது குத்தலாக அவளுக்கே திரும்பி வரும், ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

"இல்ல மாமி. தங்கமா வச்சிருந்தாவ."

"அப்பம் ஏன் கொண்டாந்து விடுதே?"

ரைஹானா ஒரு காரணத்தைச் சொல்லத் தொடங்குமுன், சுவருக்கு அப்பால் அடி விழும் ஓசை கேட்டது. "சொல்லுவியா? வீட்டு விசயத்த வெளிய சொல்லுவியா?" என்று செல்வியின் குரல், அதைத் தொடர்ந்து கோகிலாவின் அழுகை. ஹாலிதா எழுந்து ஓடிப்போய்ச் சுவரில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, தாயைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாள் கோகிலா அடிக்குத் தப்பி ஓடிவந்து ரைஹானாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். நடுவில் நின்று ரைஹானா அந்த அடியைத் தன் தோளில் வாங்கியுமிருக்கிறாள்.

"உம்மா" என்றாள் ஹாலிதா. "போ, உம்மா."

அடுத்த அடி விழுந்தது.

"அங்கன யாரு பிள்ளம்மா, இந்த அழுக அழுவுது?" என்று ஷரீபா பீவி கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள மாமி" என்றாள் ரைஹானா.